மகள் தொழில் தொடங்கப் போகிறாளாம்!

"பி.காம். படிச்சுட்டு சாம்பார் பொடி அரைச்சு விக்கப் போறாளாம்!" என்று அலுத்துக்கொள்ளும் அம்மாக்களை இப்போது நிறையப் பார்க்கிறோம். கல்லூரிகளில் 'தொழில்முனைவு' என்று ஒரு பாடம் வந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் பெண் தொழில் என்று பேசினால், கல்யாணத்துக்குச் சேர்த்த நகை என்னாகுமோ என்று நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

சகோதரிகளே, அந்தப் பாடம் என்னதான் செய்கிறது?

ஜெர்மனியில் மியூனிக் பல்கலைக்கழகத்தில், இந்தப் பாடத்துக்கு முன்னும் பின்னும் மாணவர்களைக் கேட்டு ஆராய்ந்தார்கள். 2010-ல் முடிவு வெளியாயிற்று. தங்கள் திறமையில் நம்பிக்கை கூடியிருந்தது. தொழில் தொடங்கும் ஆசையோ சற்றுக் குறைந்திருந்தது!

இதில் ஆச்சரியமில்லை. ஆசைப்படுவது வேறு, சரக்கு, கூலி, வட்டி எல்லாம் எழுதிப் பார்ப்பது வேறு. 'இது எனக்குச் சரிப்படாது' என்று நோட்டுப் புத்தகத்திலேயே தெரிந்துவிட்டால் லாபம்தானே? வளையலை அடகு வைத்த பிறகு தெரிவதைவிடத் தேவலை. கணக்குப் பார்த்த பிறகும் ஒருத்தி உறுதியாக நின்றால், அது வெறும் விளையாட்டுப் பேச்சு இல்லை.

தன்னம்பிக்கை எப்படி வளர்கிறது என்று மனோதத்துவ அறிஞர் பாண்டுரா 1977-ல் எழுதினார். தானே செய்து ஜெயிப்பதுதான் பலமான வழி. பிறர் செய்வதைப் பார்ப்பதும், பிறர் தரும் தைரியமும் அடுத்தவை. இவை மூன்றுக்கும் வீட்டிலேயே இடமுண்டு.

முதலில் இரண்டு கிலோ பொடி அரைத்து விற்கச் சொல்லுங்கள். மிளகாய், மல்லி, மிஷின் கூலி, கவர், பஸ் செலவு, அவள் உழைப்புக்கு ஒரு கூலி எல்லாம் எழுதட்டும். மிச்சம் என்ன என்று நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்கள்.

1959-ல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் இட்டார்கள். 'லிஜ்ஜத்' பிறந்தது அப்படித்தான். உங்கள் ஊரிலும் இட்லி மாவோ தையலோ நடத்தும் ஒருத்தி இருப்பாள். மகளை அவளிடம் அழைத்துப் போங்கள்.

தின்பண்டம் விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்வது அவசியம். கடன், மானியம் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம்.

"உனக்கெதுக்குடி இதெல்லாம்?" என்று மட்டும் சொல்லாதீர்கள். "கணக்கை எடுத்துண்டு வா, பார்க்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். சரியோ தப்போ, அவளே கண்டுபிடித்துவிடுவாள்.