ஒரு நிறமாலையும் இரண்டு உரைகளும்

மலைமேல் ஏறினால் வானம் அணித்தாகும் என்பது பலர்தம் எண்ணம். ஏற்காட்டினின்றும் மேலேறி, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 5,300 அடி உயர்ந்த சேர்வராயன் மலையுச்சியில், முகில் விலகிய கோடை இரவில் நிற்பார்க்குத் தென்வானில் விருச்சிகம் தெளிவுறத் தோன்றும். ஆயின் அவ்விராசியிலுள்ள ‘ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1’ அவர் கண்ணுக்குப் புலனாகாது. எக்ஸ் கதிர் வீசுவனவற்றுள், ஞாயிற்றையொழிய, நமக்கு இடையறாது ஒளிமிக்குத் தோன்றுவது அதுவே. அக்கதிரோ தரைக்குப் பல பத்துக் கிலோமீட்டர் மேலேயே காற்றில் அடங்கிவிடுகின்றது. எம்மலையும் அதனைப் பெறுதற்குப் போதாது. சவ்வாது மலையிலுள்ள காவலூர்த் தொலைநோக்கியும் கண்காணும் ஒளிக்கே உரியது. ஆதலின் 1962-இல் ஜியாக்கோனியும் அவர்தம் குழுவினரும் ராக்கெட் ஒன்றனை ஏவியே இதனைக் கண்டனர்.

நிற்க. அஃது யாது? அளவிற் சிறுத்துச் செறிவின் மிக்க நியூட்ரான் விண்மீன் ஒன்றும், ஞாயிற்றினும் எடை குறைந்த மீன் ஒன்றும் ஒன்றையொன்று சுற்றுகின்றன. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 19 மணி நேரம். துணைமீனின் பொருள் ஈர்ப்புண்டு, தட்டுப்போற் சுழன்று வீழ்கின்றது. வீழுங்கால் கடுவெம்மையுற்று எக்ஸ் கதிர் உமிழ்கின்றது. அக்கதிரை ஆற்றல் வாரியாகப் பகுத்து நிரல்படுத்தியதே நிறமாலை. இத்தகைய இரட்டை மீன்களைப்பற்றி நமக்குக் கிடைத்த மூலபாடம் அதுவே.

இம்மூலத்திற்கு உரை இரண்டு உண்டு. 1980-களில் ஜப்பானிய அறிஞர், ஆற்றல் குறைந்த பகுதி தட்டினின்றும், மிக்க பகுதி நியூட்ரான் மீனின் மேற்பரப்பினின்றும் வருவன என்றனர். ஐரோப்பிய விண்கலத்தின் அளவைகளை ஆய்ந்தோரோ, குறைந்த பகுதியை மீனின்பாற் சார்த்தி, மிக்க பகுதி தட்டின்மேற் படர்ந்த வெம்மையான எலக்ட்ரான்களால் ஆற்றல் ஏற்றப்பெற்றது என்றனர். இவை முறையே கீழைக் கொள்கை, மேலைக் கொள்கை எனப் பெயர் பெற்றன. வியப்பு யாதெனின், நிறமாலைகள் பலவற்றிற்கு இரண்டும் பொருந்துகின்றன!

‘ஒன்றற்கு இரு விளக்கமாயின் அஃது ஊகமே’ என்று நகைப்பார் உளர். குறளுக்குப் பரிமேலழகரும் மணக்குடவரும் வேறுபட உரைத்தலைக் காட்டித் தமிழ்க் கல்வியை நகைப்பாரும் உளர். இவ்விரு நகையும் பொருந்தா என்பதே என் கருத்து. உரை பல ஆகலாம். மனம் போனவாறு உரைத்தல் ஆகாது. மூலத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் விடை கூற உரையாசிரியன் கடமைப்பட்டவன். நிறமாலையிலும் இரும்பணுவின் கோடு அகன்று தோன்றுமாயின், அவ்வகலத்திற்குக் காரணங் கூறாத கொள்கை நில்லாது.

உரை முரணுமிடத்துப் புதுச்சான்று தேடுதலே அறிவுடைமை. ஸ்ரீஹரிகோட்டாவினின்றும் 2015 செப்டம்பர் 28-இல் ஆஸ்ட்ரோசாட்டும், 2024 சனவரி 1-இல் எக்ஸ்போசாட்டும் ஏவப்பட்டன. பின்னது நிறமாலையோடு, கதிரின் அதிர்வு எத்திசையிற் சாய்ந்துள்ளது என்பதனையும் அளத்தற்கென அமைந்தது. தட்டினின்று வருங்கதிர்க்கும் மீனை ஒட்டி வருங்கதிர்க்கும் அச்சாய்வு வேறுபடக்கூடும். ஆதலின், நிறமாலை தனித்துத் தீர்க்கவியலாத வழக்கிற்கு அது சாட்சியாகின்றது.

நண்பர்காள்! இத்துறை அயலாரது என்று தமிழ் மாணவர் ஒதுக்குதல் தகாது. மூலத்தை நுணுகி நோக்கலும், மாற்றுரையை மதித்தலும், சான்று வருங்காறும் முடிபு கூறாதிருத்தலும் நாம் வகுப்பறையிற் பயின்றனவே. அப்பயிற்சியுடையார் இவ்வான நூலைக் கற்றுத் தமிழில் எழுத முன்வருவாராக.