கப்பல் வரும் நாளுக்கு என்ன ஆயத்தம்?



மயிலிட்டியில் ஒரு மாதர் சந்திப்பு முடிந்து நான் கொப்பியை மூடும்போது ஓர் அக்கா பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார்.

"பிள்ளை, காங்கேசன்துறைக்கு இனிப் பெரிய கப்பல் எல்லாம் வருமாம். தோட்டை அடகு வைச்சுச் சாமான் வாங்கி ஒரு கடை போடட்டோ?"

போரில் கணவரை இழந்தவர் அவர். 1990 யூனில் ஊரை விட்டு ஓடிய குடும்பம். 2017 யூலை 3ஆம் திகதி மயிலிட்டித் துறைமுகமும் அயலும் சேர்ந்த 54 ஏக்கர் விடப்பட்ட பிறகுதான் ஊர் மண்ணை மிதித்தார். அந்தத் தோடு அவரிடம் மிஞ்சியிருக்கும் ஒரே நகை. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

கப்பல் வந்தது உண்மைதான். 2023 யூன் 16ஆம் திகதி 'எம்பிரஸ்' என்ற உல்லாசப் பயணக் கப்பல், சென்னையில் புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை வழியாகக் காங்கேசன்துறைக்கு வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றக்கூடிய கப்பல் அது. ஆனால் ஆயிரம் பேர் இறங்கினால் ஆயிரம் பேரும் எங்கள் கடைக்கு வருவார்கள் என்று நினைக்கக்கூடாது. முதலில் அவர்களுடைய மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும்.

காலை எட்டு மணிக்கு வந்து பின்னேரம் நான்கு மணிக்குப் புறப்படும் கப்பல் என்று வைத்துக்கொள்வோம். குடிவரவுச் சோதனை முடித்து வெளியே வர ஒரு மணித்தியாலமாவது போய்விடும். புறப்படுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே திரும்பி ஏறிவிட வேண்டும். தனியாகப் போய்ப் பிந்தியவருக்காகக் கப்பல் காத்து நிற்காது. மிஞ்சுவது ஆறு மணித்தியாலம். நல்லூர், யாழ்ப்பாண நூலகம், கோட்டை, மத்தியானச் சாப்பாடு, கீரிமலை என்று போனால் அந்த நேரமும் முடிந்துவிடும். காங்கேசன்துறைக்குக் கிழக்கே இருக்கும் மயிலிட்டி இந்த வழியில் இல்லை. ஆகவே தெருவோரத்தில் கடை போட்டுக் காத்திருந்தால் பஸ்ஸின் தூசியைக்கூடக் காணமாட்டோம். பஸ் எங்கள் ஊருக்குத் திரும்ப வேண்டுமானால் அது முன்கூட்டியே பயணத்திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பசுபிக் சமுத்திரத்தில் வனுவாட்டு என்றொரு நாடு இருக்கிறது. அங்கே ஆட்கள் குடியிருக்காத ஒரு சின்னத் தீவில் உல்லாசக் கப்பல்கள் நிற்கும். பக்கத்துத் தீவான அனெய்ட்டியத்தின் மக்கள் கப்பல் வரும் நாளில் படகேறி வந்து கடை பரப்புவார்கள். பெண்கள் பயணிகளுக்குத் தலைமுடி பின்னிவிட்டும் சம்பாதிப்பார்கள். கப்பல் போனதும் தங்கள் தீவுக்குத் திரும்பிவிடுவார்கள். தங்களுக்குத் தெரிந்த கைவேலையைக் குறித்த நாளில், குறித்த நேரத்துக்குச் செய்கிறார்கள். எங்களுக்கும் அது பொருந்தும்.

நாங்கள் கேட்கக்கூடியது முக்கால் மணித்தியாலம். ஒரு பஸ், முப்பது நாற்பது பேர். அதற்குள் என்ன செய்யலாம்? பனையோலையில் பிளா மடிக்க அவர்களுக்குப் பழக்கி, அவர்கள் மடித்த பிளாவிலேயே கூழ் ஊற்றிக் கொடுக்கலாம். இந்தியாவிலிருந்து வருபவர்களில் சைவம் சாப்பிடுவோர் பலர் என்பதால் மீன் போடாத கூழும் ஒரு பானை வேண்டும். வலை பொத்துவதை அருகிலிருந்து பார்க்க விடலாம். கொண்டுபோவதற்குப் பனங்கட்டிக் குட்டான், புழுக்கொடியல், ஓலைப் பெட்டி போதும். சமைத்த சாப்பாட்டைக் கப்பலுக்குள் கொண்டுபோகப் பெரும்பாலும் விடமாட்டார்கள். காய்ந்த பொருளை நன்றாகப் பொதி செய்து, பெயரும் திகதியும் ஒட்டிக் கொடுக்க வேண்டும். அது அன்று விற்காவிட்டாலும் பழுதாகாது. அடுத்த சந்தைக்குப் போகும்.

நான் விட்ட பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் வேறொரு கிராமத்தில், ஒரு சுற்றுலாக் குழு வருகிறது என்ற வாய்ச்சொல்லை நம்பிப் பத்துப் பெண்கள் விடிய மூன்று மணிக்கு எழும்பிக் கொழுக்கட்டை அவித்தார்கள். பஸ் பிந்தி வந்தது. நிற்காமலே போய்விட்டது. கொழுக்கட்டையை அயலுக்குப் பகிர்ந்து கொடுத்தோம். மாவும் பயறும் வாங்கிய கடன் மட்டும் கடைக்காரரின் கொப்பியில் கிடந்தது. எழுத்தில் ஒன்றும் கேளாதது என் பிழை.

ஆகவே பின்வருவனவற்றை மனதில் வையுங்கள்.

ஒன்று, தனியாகப் போகாமல் மாதர் சங்கமாகப் பேசுங்கள். கப்பலுக்குள் விற்கப்படும் சுற்றுலாவின் பணம் கப்பல் நிறுவனம், உள்ளூர் முகவர், பஸ் என்று பல கை மாறித்தான் கரைக்கு வரும். உங்களோடு பேச வேண்டியவர் உள்ளூர் முகவர்.

இரண்டு, எத்தனை பேர், எத்தனை மணிக்கு, தலைக்கு எவ்வளவு, வராவிட்டால் என்ன என்பதை எழுதி வாங்குங்கள். சமையலுக்கு முற்பணம் கேளுங்கள்.

மூன்று, சுத்தமான மலசலகூடம், நிழல், குடிதண்ணீர். பஸ்ஸால் இறங்குபவர் முதலில் தேடுவது இவற்றைத்தான். உணவு விடயத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு, கப்பலை நம்பிக் கடன் எடுக்காதீர்கள். நாகப்பட்டினம் - காங்கேசன்துறைப் பயணிகள் படகு 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கி, மாரி காரணமாகச் சில நாட்களிலேயே நின்றது. மீண்டும் ஓடியது 2024 ஓகஸ்ட் 16இல். கடல் கொந்தளித்தால் கப்பல் வராது. வட்டி நிற்காமல் வரும்.

ஐந்து, வருபவர்கள் "உங்கள் கணவர் எப்படி இறந்தார்?" என்று கேட்கக்கூடும். சொல்ல விரும்பினால் சொல்லுங்கள். விரும்பாவிட்டால், "அதைக் கதைக்க எனக்கு விருப்பமில்லை" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அவர்கள் காசு கொடுப்பது கூழுக்கும் பெட்டிக்கும்தான். உங்கள் கண்ணீருக்கு விலை பேசப்படவில்லை. பிள்ளைகளைப் படம் எடுப்பதையும் தாய்மார் அனுமதித்தால் மட்டுமே விடுங்கள்.

அந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப தோடு காதிலேயே இருக்கட்டும்" என்றார். ஐந்து பெண்கள் சேர்ந்து, கையிலிருக்கும் ஓலையில் முப்பது பெட்டிகள் இழைத்து முதலில் சந்தையில் விற்றுப் பார்ப்பது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். கப்பல் வந்தால் அந்தப் பெட்டிகள் ஆயத்தமாக இருக்கும். வராவிட்டாலும் ஒருவரும் கடனாளியாக மாட்டார்கள்.

உங்கள் ஊரில் முக்கால் மணித்தியாலத்தில் ஒரு விருந்தினருக்கு எதைக் காட்டுவீர்கள்? அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைக் கதைத்துப் பாருங்கள்.