இனச்சுழற்சி இல்லாத இடஒதுக்கீடு: தொழில்முறைத் தொடர்புகளும் தென்சென்னையும்

இறுதியாண்டு மாணவர்களுக்கு இன்று எல்லாக் கல்லூரிகளிலும் ஒரே அறிவுரைதான் வழங்கப்படுகிறது: லிங்க்ட்இன் தளத்தில் கணக்குத் தொடங்குங்கள், படத்தைத் திருத்தமாக வையுங்கள், தொடர்புகளைப் பெருக்குங்கள், பணியில் இருப்பவர்களிடம் ‘ரெஃபரல்’ கேளுங்கள். இவ்வறிவுரை பொய்யன்று. பல நிறுவனங்களில் ஊழியர் ஒருவர் பரிந்துரைத்த விண்ணப்பமே முதலில் படிக்கப்படுகிறது. பரிந்துரைக்கப்பட்டவர் பணியில் சேர்ந்தால் பரிந்துரைத்தவருக்கு ஊக்கத்தொகையும் கிடைக்கிறது. நம் பெற்றோர் தலைமுறை இதனைச் ‘சிபாரிசு’ என்று அழைத்தது. அச்சொல்லில் சிறிது கூச்சம் கலந்திருந்தது. ஆங்கிலப் பெயர் பெற்றபின் அக்கூச்சம் மறைந்துவிட்டது.

ஆனால் பரிந்துரைக்கும் நிலையில் இருப்பவர் யார், அவருக்குத் தெரிந்தவர்கள் யார் என்ற கேள்வியை அவ்வறிவுரை எழுப்புவதில்லை. குடும்பத்தில் முதன்முறையாகப் பட்டம் பெறும் தலித் மாணவருக்கு வேலையின் வாயில் இங்கேதான் அடைபடுகிறது.

தொடர்புகள் வேலை தருகின்றன என்பது ஆய்வில் நிறுவப்பட்ட செய்தி. நெருங்கிய நண்பர்களைவிட ஓரளவே அறிமுகமானவர்கள் வழியாகவே புதிய வாய்ப்புகள் பற்றிய செய்தி வந்து சேர்கிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதினார். நெருங்கியவர்கள் நாம் அறிந்ததையே அறிந்திருப்பர். சற்று விலகியிருப்பவர் வேறொரு வட்டத்தின் செய்தியைக் கொண்டுவருவார் என்பது அவர் தந்த விளக்கம். 2022இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை ஒன்று லிங்க்ட்இன் தளத்திலேயே இதனைச் சோதித்தது. ஐந்தாண்டுகளில் 2 கோடிப் பயனர்களுக்கு, ‘இவர்களை நீங்கள் அறிந்திருக்கலாம்’ என்று தளம் காட்டும் பட்டியல் வெவ்வேறு விதமாக மாற்றிக் காட்டப்பட்டது. மிக நெருங்கியவரும் அல்லாத, முற்றிலும் அயலாரும் அல்லாத, இடைப்பட்ட அறிமுகங்களே வேலைமாற்றத்துக்கு மிகுதியும் உதவின என்பது அதன் முடிவு.

அந்தப் பட்டியல் உருவாகும் விதத்தை நோக்குவோம். இருவருக்கும் பொதுவான தொடர்புகள், படித்த கல்லூரி, பணியாற்றிய நிறுவனம் ஆகியவற்றைக் கொண்டே தளம் ஒருவரை மற்றொருவருக்குக் காட்டுகிறது. தந்தையின் நண்பர், அத்தையின் அலுவலகம், பள்ளித்தோழனின் அண்ணன் என்று ஐம்பது பேரோடு நுழைபவருக்கு அந்த ஐம்பது பேரின் வட்டங்களும் திறக்கின்றன. தன் வகுப்புத் தோழர்களோடு மட்டும் நுழைபவருக்குத் தன்னைப் போலவே வேலை தேடுவோர்தான் காட்டப்படுகின்றனர். சாதி என்ற சொல்லை ஓரிடத்திலும் பயன்படுத்தாமலேயே இருக்கும் ஏற்றத்தாழ்வை இக்கணக்கீடு பெருக்கிவிட முடியும்.

இத்தகைய வட்டங்கள் கணினிக்கு முந்தையவை என்பதற்குத் தென்சென்னையைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன், ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்ற காங்கிரசின் கோரிக்கையை எதிர்த்துப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். கல்வியையும் பதவியையும் முன்பே கைப்பற்றியிருந்த சாதிகளின் கையில் ஆட்சியதிகாரமும் சேர்ந்தால் ஒடுக்கப்பட்டோர் நிலை என்னவாகும் என்பது அவர் எழுப்பிய கேள்வி. 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் வெளியிட்ட பார்ப்பனரல்லாதார் அறிக்கை, சென்னை மாகாணத்தின் 128 நிரந்தர மாவட்ட முன்சீப்புகளில் 93 பேர் பார்ப்பனர் என்று எடுத்துக்காட்டியது. மயிலாப்பூரின் வழக்கறிஞர் வீடுகளும் உயர்நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் ஒரே வட்டத்துக்குள் இருந்த காலம் அது.

அதே ஆண்டில் மருத்துவர் சி. நடேசனார் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லத்தைத் தொடங்கினார். பார்ப்பனரல்லாத மாணவர்களுக்குச் சென்னையில் தங்கிப் படிக்க இடமில்லை என்பதே அதற்குக் காரணம். தங்குமிடமாகத் தொடங்கிய அவ்வில்லம், அங்கே ஒன்றாக உண்டு படித்தவர்களைப் பிற்காலத்தில் ஒருவரையொருவர் அறிந்த பொதுவாழ்வினராகவும் ஆக்கியது. இன்று தியாகராய நகர் ஒருவர் பெயரையும், அங்குள்ள நடேசன் பூங்கா மற்றவர் பெயரையும் தாங்கி நிற்கின்றன. தொடர்புகள் தாமாக முளைப்பதில்லை, நிறுவனங்களே அவற்றை உருவாக்குகின்றன என்பதற்கு அப்பகுதியே சான்று. அவ்வியக்கம் திறந்த கதவுகள் இடைநிலைச் சாதிகளுக்குத் திறந்த அளவுக்குத் தலித்துகளுக்குத் திறக்கவில்லை என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே.

அடையாற்றில் இவ்வேறுபாட்டை அருகருகே காணலாம். ஊரூர்ப் பகுதியில் கர்னல் ஆல்காட் 1894இல் பஞ்சமர்களுக்கான இலவசப் பள்ளியைத் தொடங்கினார். சற்றுத் தொலைவில் 1959இல் சென்னை ஐ.ஐ.டி. எழுந்தது. பல தலைமுறையாகத் திரண்ட சாதி அனுகூலம் அங்கே எவ்வாறு ‘தகுதி’ என்ற பெயரைப் பெற்றது, முன்னாள் மாணவர் வலைப்பின்னல் வழியாக எவ்வாறு அமெரிக்கா வரை சென்றது என்பதை அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் வெளியிட்ட தம் நூலில் விரித்துரைத்தார்.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் இல்லையே, தளத்தில் சாதி எப்படித் தெரியும் என்று சிலர் கேட்கலாம். 1929 செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு பட்டங்களைத் துறக்கச் சொன்னது பெரும் சாதனையே. பட்டம் நீங்கினாலும் சாதியை அறியும் ஆவல் நீங்கிவிடவில்லை. அது படித்த பள்ளி, வாழும் முகவரி, பொதுவான தொடர்புகள் ஆகியவற்றின் வழியே தேடுகிறது. தில்லியில் ஜோத்கா, நியூமன் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மனிதவள மேலாளர்கள் சாதியைப் பார்ப்பதில்லை என்று கூறிக்கொண்டே ‘குடும்பப் பின்னணி’ முக்கியம் என்றனர். அதே ஆண்டில் தோரட், அட்டவெல் ஆகியோர், தகுதியில் ஒத்து, பெயரில் மட்டும் வேறுபட்ட விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிச் சோதித்தனர். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிடுகையில் தலித் பெயருக்கு நேர்காணல் அழைப்பு வரும் சாத்தியம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவே இருந்தது.

சென்னையில் முகவரியே ஒரு பட்டமாகிவிட்டது. கண்ணகி நகர் என்று எழுதினால் வேலை மறுக்கப்படுகிறது என்பது அங்குள்ள இளைஞர்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் குறை. பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களை ஒட்டியே அப்பகுதி உள்ளது. ஆயினும் தொலைவு குறையவில்லை. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குப் பெயர்க்கப்பட்டன. 2022 மே மாதத்தில் மயிலாப்பூரை அடுத்த இராஜா அண்ணாமலைபுரத்தின் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். இத்தகைய வெளியேற்றங்களை வீட்டிழப்பாக மட்டுமே கணக்கிடுகிறோம். தாய் வேலைசெய்யும் வீட்டின் அறிமுகம், கடைக்காரரின் நம்பிக்கை, பள்ளி ஆசிரியரின் உதவி என, பிள்ளைக்கு முதல் வேலை தேடித்தரக்கூடிய இடைப்பட்ட அறிமுகங்கள் அனைத்தும் அதே நாளில் அறுபடுகின்றன.

அரசுப் பணியில் காலியிடம் வெளிப்படையாக அறிவிக்கப்படுகிறது. இனச்சுழற்சிப் பட்டியலில் ஒவ்வோரிடமும் எப்பிரிவுக்கு உரியது என்பது எழுதப்பட்டிருக்கிறது. தவறு நேர்ந்தால் வழக்குத் தொடுக்கலாம். பரிந்துரையால் நிரம்பும் பணியிடத்துக்கு விளம்பரமும் இல்லை, பட்டியலும் இல்லை, கேள்வியும் இல்லை. யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பது மட்டும் பின்னர்த் தெரிகிறது. இந்தியாவின் முன்னணி 1000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களைப் பற்றி 2012இல் வெளிவந்த ஆய்வு, உறுப்பினர்களில் ஏறத்தாழ 93 விழுக்காட்டினர் முற்பட்ட சாதியினர் என்றும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 விழுக்காடே என்றும் காட்டியது. இடஒதுக்கீட்டைத் தகுதிக்குப் பகை என்போர் இவ்வொதுக்கீட்டைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆகவே மாணவர்கள் இத்தளங்களைப் புறக்கணிக்க வேண்டுமா? வேண்டியதில்லை. அவற்றின் இயக்கத்தை அறிந்து பயன்படுத்த வேண்டும். ஐந்நூறு அயலார்க்கு வேண்டுகோள் அனுப்புவதைவிட, இரண்டு மூன்று ஆண்டு மூத்த மாணவர்கள், பயிற்சிக்காலத்தில் அறிமுகமான பொறியாளர்கள், திட்டப்பணிக்கு வழிகாட்டியோர் ஆகிய இருபது பேருக்குப் பெயர் சொல்லி எழுதுவது பயன்தரும். முதல் மடலிலேயே வேலை கேட்காமல், அவர்தம் பணியின் தன்மையையும் அதற்குத் தேவைப்படும் திறனையும் கேட்கலாம். அம்பேத்கர் வாசகர் வட்டத்தில் ஆற்றிய பணியைச் சுயவிவரத்தில் எழுதுவதா என்பது அவரவர் முடிவு. மறைப்பவரைக் கோழை என்று பழிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. 2020இல் கலிபோர்னியா அரசு அமைப்பு சிஸ்கோ நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், தலித் பொறியாளர் இடஒதுக்கீட்டில் ஐ.ஐ.டி.யில் சேர்ந்ததை உடன் படித்தவரே சக ஊழியர்களிடம் வெளிப்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் புகாரை மறுத்தது; இரு பொறியாளர்கள் மீதான வழக்கு 2023இல் திரும்பப் பெறப்பட்டது. எனினும் முன்னாள் மாணவர் வட்டம் கைகொடுப்பதோடு காட்டிக்கொடுக்கவும் கூடும் என்ற அச்சம் ஆதாரமற்றதன்று.

தனிமனித முயற்சியின் எல்லை இதுவே. இதற்கு அப்பால் செய்யவேண்டியது அமைப்பாக்கம். அரசு ஊழியரான ஒடுக்கப்பட்டோரைத் திரட்டிக் கன்ஷிராம் 1978இல் பாம்செப் அமைப்பை நிறுவினார். படித்து முன்னேறியோர் சமூகத்துக்குத் திருப்பித்தர வேண்டியதை நினைவூட்டுவதே அதன் அடிப்படை. இன்று தனியார் துறையில் இருப்போருக்கு அத்தகைய கடமை உண்டு. சைதாப்பேட்டை எம்.சி. ராஜா கல்லூரி மாணவர் விடுதி முதலாகத் தமிழ்நாட்டின் ஆதிதிராவிடர் நலவிடுதிகள் பல தலைமுறைகளைப் படிக்கவைத்துள்ளன. திராவிடர் இல்லத்தைப் போல இவ்விடுதிகளும் வலைப்பின்னல்களே. ஒவ்வொரு விடுதியிலும் படித்து வெளியேறியோரின் விவரத்தை அவர்தம் ஒப்புதலோடு தொகுத்து, இன்றைய மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்தவரை இணைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் பணியன்று. மாணவர் அமைப்புகள் அதனை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.

அரசிடமும் கேட்கவேண்டியது உண்டு. 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டம் திறனை வளர்க்கிறது. திறன் பெற்றவர் எந்தக் கதவைத் தட்டுவது என்பதையும் அது கவனிக்க வேண்டும். 25 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் தனியார் நிறுவனங்களும் தம் காலியிடங்களை வேலைவாய்ப்பகத்துக்கு அறிவிக்கவேண்டும் என்று 1959ஆம் ஆண்டுச் சட்டமே விதித்தது. அறிவிக்கும் கடமையை 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் ஏற்றிருக்கிறது. அறிவித்தவரையே அமர்த்தவேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் அவ்விதி ஏட்டளவில் நிற்கிறது. அரசின் நிலத்தையும் சலுகையையும் பெறும் நிறுவனங்கள் எத்தனை இடங்களைப் பரிந்துரையால் நிரப்பின, அவற்றில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்பதை ஆண்டுதோறும் வெளியிடவேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு விதிக்கலாம். தியாகராயர் 1916இல் முதலில் முன்வைத்ததும் எண்ணிக்கையைத்தான். தனியார் துறை இடஒதுக்கீட்டுக் கோரிக்கைக்கும் அந்த எண்ணிக்கையே முதல் ஆவணமாக அமையும்.