ஏசி ஓடுகிறது, வித்து அறை குளிரவில்லையே?

கேள்வி: வீட்டுப் பின்கட்டில் 10 அடிக்கு 12 அடி அறையில் சிப்பிக்காளான் வித்து தயாரித்து, சுற்று ஊர்களில் குடில் போட்டிருப்பவர்களுக்குக் கொடுக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் மகளிர் குழுக் கடனில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி வாங்கினேன். இந்தக் கோடையில் 24-ல் வைத்தாலும் அறை 31-க்குக் கீழே இறங்கவில்லை. இரண்டு தடவை கேஸ் நிரப்பியும் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. 140 வித்துப் பைகள் பச்சைப் பூஞ்சணம் பிடித்து வீணாகிவிட்டன. இத்தனைக்கும் அறையைச் சுத்தமாகவே வைத்திருக்கிறேன். மாதம் இருமுறை ஃபார்மலின் புகை போடுகிறேன். மெக்கானிக் புது ஏசி வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, இப்போதைக்கு வாங்க வேண்டாம். காரணம் தெரியாமல் அதே அறையில் புது ஏசியை மாட்டினால், அதுவும் சில கோடைகளில் இதே நிலைக்கு வரலாம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஃபார்மலின் மீதுதான் சந்தேகம் வந்தது. அதற்கு முன், செலவில்லாமல் நீங்களே பார்க்க வேண்டியவை சில உண்டு.

1. ரிமோட்டில் பனிப்பூ அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். விசிறி அல்லது நீர்த்துளி அடையாளத்துக்கு மாறியிருந்தால் அறை சரியாகக் குளிராது.

2. எம்சிபி சுவிட்சை அணைத்துவிட்டு, உள்பெட்டியின் வலையைக் கழற்றிக் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். வீட்டு அறைக்கு மாதம் ஒருமுறை போதும். சோளத் தூசியும் பஞ்சுத் தூசியும் பறக்கும் வித்து அறைக்கு வாரம் ஒருமுறை தேவை.

3. வெளிப்பெட்டியைப் பாருங்கள். அறையின் சூட்டை வெளியே தள்ளுவது அதுதான். வைக்கோலையோ சாக்கையோ அதன்மேல் சாய்த்து வைத்திருந்தால், அது விட்ட அனலையே திரும்ப இழுக்கும். தகடுகளில் படிந்த தூசியைச் சுவிட்சை அணைத்தபின் மெல்லிய தண்ணீரில் கழுவலாம். பம்ப்செட் வேகத்தில் அடித்தால் தகடு மடங்கிவிடும்.

4. வேகவைத்த சோளப் பைகளைக் குக்கரிலிருந்து எடுத்த சூட்டோடு அறைக்குள் அடுக்காதீர்கள். வெளியே ஆறவிட்டுக் கொண்டு போங்கள். வளரும் வித்துக்கும் தன் சூடு உண்டு. பைக்குள் அறையைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும். அறை 31 என்றால் பையின் நடுவில் 33, 34. வித்து தளர்வதும் பச்சைப் பூஞ்சணம் முந்திக்கொள்வதும் அப்போதுதான். பைகளை நெருக்கி அடுக்காமல் காற்றுப்போக இடைவெளி விடுங்கள்.

அடுத்து ஒரு வெப்பமானிச் சோதனை. ஏசியைக் குறைந்த டிகிரியிலும் விசிறியை முழு வேகத்திலும் வைத்து 20 நிமிடம் ஓடவிடுங்கள். காற்றை உள்ளிழுக்கும் மேல்பக்கத்தில் ஒரு அளவு, காற்று வெளிவரும் வாயில் ஒரு அளவு எடுங்கள். இரண்டுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஏசி தன் வேலையைச் செய்கிறது. கோளாறு அடைத்த வலையிலோ, கதவு இடுக்கிலோ, கூரைச் சூட்டிலோ இருக்கும். வித்தியாசம் ஐந்தாறு டிகிரிகூட இல்லையென்றால் கேஸ் அல்லது கம்ப்ரசர் பக்கம் பார்க்க வேண்டும். அப்போது மின்னழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். மாலை நேரத்தில் 180 வோல்ட்டுக்குக் கீழே போனால் கம்ப்ரசர் ஓடாமல் விசிறி மட்டும் சுற்றக்கூடும்.

இப்போது முக்கியமான விஷயம். ஏசி கேஸ் டீசல்போல ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி, சோப்பு நுரை தடவிக் கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும். அடைத்தபின் வேக்கம் பம்ப் போட்டு, பெட்டியில் ஒட்டியுள்ள எடை அளவுப்படி கேஸ் நிரப்ப வேண்டும். இப்படிச் செய்பவரையே கூப்பிடுங்கள்.

இனி ஃபார்மலின். அதன் ஆவி ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து ஃபார்மிக் அமிலமாக மாறும். உள்பெட்டியின் செம்புக் குழாய்கள் எப்போதும் நனைந்தே இருப்பவை. அந்த அமிலம் செம்பை எறும்புப் புற்றுப்போல் குடைந்து, கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் போட்டுவிடும். கசிவு குழாய் இணைப்பு நட்டில் இருந்தால் சிறு செலவோடு முடியும். உள்பெட்டிக் குழாயில் இருந்தால் ஒவ்வொரு துளையாகப் பற்றவைத்துப் பயனில்லை, அடுத்த துளை வரும். அந்தக் குழாய்த் தொகுப்பையே மாற்ற வேண்டும். உத்தரவாதம் பாக்கி இருக்கிறதா என்று பில்லை எடுத்துப் பாருங்கள்.

எதை மாற்றினாலும் புகை போடும் பழக்கத்தை மாற்றாவிட்டால் பலனில்லை. வித்து இடும் பெட்டியை மட்டும் ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் விளக்கேற்றி வேலை செய்தால், அறை முழுவதும் அடிக்கடி புகை போடத் தேவைப்படாது. தவிர்க்க முடியாத நேரத்தில் ஏசியை அணைத்து, உள்பெட்டியைப் பாலித்தீன் தாளால் மூடி நாடா ஒட்டுங்கள். நெடி முழுவதும் போகும்வரை கதவைத் திறந்து வைத்து, பிறகே ஏசியைப் போடுங்கள். நெடியைப் போக்க அமோனியா வைப்பதும் செம்புக்கு ஆகாது. உங்கள் உடம்புக்காகவும் சொல்கிறேன்: ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தப்பட்டது. கையுறையும் தகுந்த முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள்.

ஏசி சரியாகும்வரை சிப்பிக்காளான் வித்தைக் குறைத்துக்கொண்டு, 30 முதல் 35 டிகிரியில் நன்றாக விளையும் பால்காளானுக்கு வித்து கொடுக்க முடியுமா என்று பாருங்கள். கோடைக்கு ஏற்றது அதுதான். உங்களிடம் வாங்குபவர்களுக்கும் குடில் காலியாகக் கிடக்காது. பச்சை பிடித்த பைகளை அறைக்குள் பிரிக்காமல், தொலைவில் கொண்டுபோய்க் குழியில் புதைத்துவிடுங்கள்.

வெப்பமானிச் சோதனையில் வந்த இரண்டு அளவுகளையும் எழுதி அனுப்புங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.