எண்ணிக்கைக்கு அடிமையாவதோ?

ஒரு விஞ்ஞானியின் உழைப்பை எடைபோட நமது சர்வகலாசாலைகள் பலவும் இன்று கையாளும் தராசு யாது? அவர் என்ன கண்டறிந்தார் என்பதன்று. எந்தப் பத்திரிகையில் பிரசுரித்தார், அதை எத்தனை பேர் மேற்கோள் காட்டினர் என்பதே. தொழிலுக்கும் கருவிகளுக்கும் ஆதாரமாய் நிற்கும் பிரயோக பௌதிகத்துக்கு இத்தராசு பெருந்தீங்கு விளைப்பதென்று நாம் கருதுகிறோம்.

‘இம்பாக்ட் ஃபாக்டர்’ என வழங்கும் எண், ஒரு பத்திரிகை முந்திய 2 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் அவ்வாண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோளாயின என்பதைக் காட்டுவது. அமெரிக்கரான யூஜீன் கார்ஃபீல்டு முதலியோர் அதை வகுத்தது பத்திரிகைகளைத் தேர்ந்தெடுக்கவேயன்றி மனிதரைத் தேர்ந்தெடுக்க அன்று. பிரயோக பௌதிகத்தின் பயனோ 2 ஆண்டுகளில் கனிவதன்று. கலீனா என்னும் ஈயத்தாதுப் படிகத்தால் மின் அலைகளை உணரும் கருவிக்கு ஜகதீச சந்திர போஸ் 1904-ல் அமெரிக்கப் பேடண்டு பெற்றார். குறைகடத்திப் படிகத்தை அவ்வேலைக்கு முதலில் பயன்படுத்தியவர் அவரே என்று, டிரான்ஸிஸ்டரைக் கண்ட மூவருள் ஒருவரான பிராட்டைன், பியர்சனுடன் சேர்ந்து 1955-ல் எழுதினார். அரை நூற்றாண்டு கழித்து வந்த இம்மேற்கோளை எக்கணக்கில் சேர்ப்பது? தொழிற்சாலையில் நாள்தோறும் உழைக்கும் கருவி அடிக்குறிப்பு எழுதுவதுமில்லை.

இவ்வெண்ணுக்கு அஞ்சியே நமது இளைஞர் தம் சிறந்த கட்டுரைகளை அயல்நாட்டுப் பத்திரிகைகளுக்கு அனுப்புகின்றனர். அவற்றைப் படிக்கப் பின்னர் நாமே விலை கொடுக்கிறோம். ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2025 முதல் 2027 வரை மத்திய சர்க்கார் ஒதுக்கிய தொகை 6,000 கோடி ரூபாய். மாணவர் படிக்க வழி செய்ததை நாம் குறைகூறவில்லை. நெல் விளைத்தவனே அரிசிக்குக் கையேந்தும் நிலையையே குறைகூறுகிறோம்.

ராமன் 1928-ல் தாம் கண்ட புதிய ஒளியைப் பற்றி லண்டன் ‘நேச்சர்’ பத்திரிகைக்குச் சிறு குறிப்புகள் அனுப்பினாரெனினும், தமது கட்டுரையை, 1926-ல் கல்கத்தாவில் தாமே தொடங்கிய ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் பிஸிக்ஸ்’ பத்திரிகையில் வெளியிட்டு, அதன் பிரதிகளை அயல்நாட்டறிஞருக்குத் தபாலில் அனுப்பினார். 1930-ல் நோபல் பரிசு தேடி வந்தது. பத்திரிகையால் கண்டுபிடிப்புக்குப் பெருமை வரவில்லை. கண்டுபிடிப்பால் பத்திரிகைக்குப் பெருமை வந்தது.

பத்திரிகையின் எண்ணைக்கொண்டு ஆராய்ச்சியாளரை அளக்கலாகாதென 2012-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் கூடிய பத்திராதிபர்களும் பிரசுரகர்த்தர்களுமே பிரகடனம் வகுத்தனர். எண்ணை விற்பவர் நாட்டாரே கைவிடச் சொல்லும் அளவுகோலை நாம் மட்டும் கட்டியழுவானேன்? நியமனக் கமிட்டியார் கட்டுரையைப் படித்துத் தீர்ப்புக் கூறட்டும். படிக்க அவகாசமில்லாதவர் அந்த நாற்காலியை விட்டு எழுவதே தேசத்துக்குச் செய்யும் தொண்டாகும்.