பழி பூனை மேலே, அழுக்கு ஏசி உள்ளே

"பூனை வளக்குற வீட்டுல ஏசி ரெண்டு வருஷம் தாங்காதுங்க."

இந்த வசனத்தை ஏசி மெக்கானிக் சொல்கிறார், வீட்டு ஓனர் சொல்கிறார், மாடி வீட்டு மாமா சொல்கிறார். கடைசியில் நம் வீட்டு அப்பாவும் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். அடுத்த வசனம் என்னவென்று உங்களுக்கே தெரியும். "எங்கயாச்சும் மீன் மார்க்கெட் பக்கம் கொண்டு போய் விட்டுட்டு வந்துரு."

மக்களே, நான் பி.காம். படிக்கிறவன். ஏசி ரிப்பேர் பண்ணத் தெரியாது. ஆனால் எந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுத வேண்டும் என்று மட்டும் மூன்று வருடமாகத் தலையில் குட்டிச் சொல்லித் தருகிறார்கள். அந்த ஒரே தகுதியில் சொல்கிறேன். இந்தச் செலவு தப்பான கணக்கில் எழுதப்படுகிறது. நம் சோம்பேறித்தனத்தின் பெயரில் பற்று வைக்க வேண்டியதைப் பூனை பெயரிலும் நாய் பெயரிலும் வைத்துக்கொண்டிருக்கிறோம். அதுகளுக்குக் கணக்கு கேட்கத் தெரியாது என்பதால் இது ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் அந்த வெள்ளைப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். நம் வீடுகளில் இருக்கும் ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை (கொண்டு வருகிறது என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறைய). அறைக்குள் இருக்கிற அதே காற்றை மேல்பக்கமாக இழுத்து, ஒரு பிளாஸ்டிக் வலை வழியாக விட்டு, குளிர்ந்த காயில் மேல் ஓட்டி, கீழ்ப்பக்கமாக ஊதுகிறது. ராத்திரி முழுக்க இதே சுற்றுதான். எனவே அறையில் எது மிதந்தாலும் ஒரு நாள் அந்த வலைக்கு வந்து சேரும். பூனை முடி, உங்கள் தலைமுடி, பெட்ஷீட் பஞ்சு, மெயின் ரோட்டுத் தூசி எல்லாம் அங்கே ஒரே ஜாதிதான்.

வலை அடைத்துக்கொண்டால் காற்றோட்டம் குறையும். காயில் மேல் போதுமான காற்று போகாவிட்டால், அது உறைநிலைக்குக் கீழே இறங்கி மேலே ஐஸ் கட்டிக்கொள்ளும். ஏசி ஓடும், அறை குளிராது, மீட்டர் மட்டும் சுற்றும். வலை கிழிந்து "அப்புறம் மாத்திக்கலாம்" என்று கழற்றி வைத்த வீடாக இருந்தால் இன்னும் மோசம். முடி நேராகக் காயிலின் தகடுகளுக்கு நடுவே போய் உட்காரும். அங்கே எப்போதும் ஈரம் உண்டு. முடியும் தூசியும் ஈரமும் சேர்ந்தால் கம்பளி மாதிரி ஒரு படலம் உருவாகும். அதில் கொஞ்சம் வழிந்து, தண்ணீர் வெளியே போகும் குழாயை அடைக்கும். சுவரில் தண்ணீர் ஒழுகும். மிச்சம் ப்ளோயரில் ஒட்டிக்கொண்டு சத்தமும் நாற்றமும் கொடுக்கும்.

இதில் எதுவுமே பூனை இல்லாத வீட்டில் நடக்காத அதிசயம் கிடையாது. பூனை இருந்தால் சீக்கிரம் நடக்கும், அவ்வளவுதான். மாதம் ஒருமுறை கழுவ வேண்டிய வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டியிருக்கும். மெயினை அணைத்து, மூடியைத் தூக்கி, இரண்டு வலையையும் உருவி, குழாயடியில் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டால் அழுக்கு தானாகக் கழன்று வரும். நிழலில் காயவைத்து மாட்டிவிடலாம். ஸ்பேனர் வேண்டாம், ஸ்குரூ டிரைவர் வேண்டாம், ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டும் வேண்டாம். பத்து நிமிட வேலை.

இந்தப் பத்து நிமிடத்தின் மதிப்பு என்ன? அடைத்த ஃபில்டரை மாற்றிச் சுத்தமானதைப் போட்டாலே ஏசியின் மின் செலவு 5 முதல் 15 சதவீதம் குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கணக்கு சொல்லியிருக்கிறது. நம்ம ஊர்க் கணக்குக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஒரு யூனிட், தினம் எட்டு மணி நேரம் என்றால் மாதம் 240 யூனிட். அதில் 10 சதவீதம் 24 யூனிட். நம் மின் கட்டணம் படிக்கட்டு மாதிரி ஏறுவது. கடைசியாகச் சேருகிற யூனிட்தான் இருப்பதிலேயே விலை அதிகம். அந்த 24 யூனிட்டும் மேல் படியில் உட்கார்ந்திருக்கிறது. இதை மாதாமாதம் மின்வாரியத்துக்குக் காணிக்கை செலுத்திவிட்டு, பூனைக்கு வாங்கும் மத்தி மீனுக்குக் கணக்கு கேட்கிறோம்!

ஒரு சொத்தை ஓடும் நிலையில் வைத்திருக்கச் செய்யும் வழக்கமான செலவு வருவாயினச் செலவு என்பது முதலாம் ஆண்டுப் பாடம். அதைச் செய்யாமல் தள்ளிப்போட்டால் லாபம் மாதிரி தெரியும். பிறகு மொத்தமாக வந்து நிற்கும். அப்போது அதற்கு ஒரு "விபத்து" பெயர் கொடுத்து எழுதிவிடுவார்கள். வீடுகளில் அந்த விபத்தின் பெயர் மணி, ஜிம்மி, சின்னக்குட்டி.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் குடும்பம் வாடகை வீட்டைக் காலி செய்தபோது, ஓனர் அட்வான்ஸில் ஏசி சர்வீஸ் செலவைப் பிடித்துக்கொண்டார். காரணம்: "பூனை வெச்சிருந்தீங்க." அந்த ஏசி அவர்கள் குடிவருவதற்குப் பல வருடம் முன்பே வாங்கியது. குடிவந்த அன்றே ஒரு பக்கத்து வலை இல்லை. பழைய சொத்தின் தேய்மானத்தை யார் ஏற்பது என்று தேர்வில் கேட்டால் நாம் எல்லோரும் சரியாக எழுதுவோம். ஓனர் மட்டும் பூனை ஏற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். முழு மதிப்பெண்ணும் அவருக்கே :-)

அடுத்து, இந்தப் பயத்தை வைத்து நடக்கும் வியாபாரம்.

"காஸ் கொறஞ்சிருச்சு சார்." ஏசியில் இருக்கும் காஸ், பைக்கில் போடும் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. கசிவு இருந்தால் ஒழியக் குறையாது. கசிவு இருந்தால் அதைக் கண்டுபிடித்து அடைக்காமல் காஸ் மட்டும் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. காஸ் குறைந்தாலும் காயிலில் ஐஸ் கட்டும், வலை அடைத்தாலும் ஐஸ் கட்டும். எனவே முதலில் வலையைக் கழுவிப் பாருங்கள், பிறகு காஸைப் பற்றிப் பேசலாம்.

மெக்கானிக் அண்ணன்களைத் திட்டுவது என் நோக்கமில்லை. கயிறுகூட இல்லாமல் நாலாவது மாடி சன்ஷேடில் நின்று வேலை பார்க்கிற மனிதர்கள் அவர்கள். ஆனால் கணக்கு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வலையைக் கழுவிக் கொடுத்தால் கிடைப்பது கொஞ்சம், காஸ் நிரப்பினால் கிடைப்பது நிறைய. இந்த நிலையில், "இதை நீங்களே கழுவிக்கலாம்மா" என்று சொல்லித்தர யாருக்கு ஆதாயம்? அதனால்தான் ஏசி வாங்கிப் பல வருடமாகியும் மூடியைத் திறக்கலாம் என்பதே தெரியாமல் இவ்வளவு வீடுகள் இருக்கின்றன.

அடுத்தது ரிமோட்டில் இருக்கும் ஐயனைசர் பொத்தான். அது காற்றில் மிதக்கும் துகள்களுக்கு மின்னேற்றம் கொடுத்துச் சுவரிலும் தரையிலும் ஒட்ட வைக்கும். துகள் வீட்டை விட்டுப் போவதில்லை, இடம் மாறுகிறது. இந்த வகைக் கருவிகளில் சில ஓசோனையும் வெளிவிடும். அது நுரையீரலை உறுத்தும் வாயு. காற்று சுத்திகரிக்கும் கருவிகள் வெளிவிடும் ஓசோன் பத்து லட்சத்தில் 0.05 பங்கைத் தாண்டக்கூடாது என்று கலிபோர்னியா 2010-லிருந்து விதி வைத்திருக்கிறது. நம் கடைகளில் அதே விஷயத்தை "மலைக்காற்று" ரேஞ்சுக்கு விளம்பரம் செய்கிறார்கள்.

மூன்றாவது, "இந்த ஜாதி நாய்க்கு அலர்ஜியே வராது சார்" என்று கூடுதல் விலை வைத்து விற்பது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை ஆய்வாளர்கள், இப்படிச் சொல்லி விற்கப்படும் நாய்கள் இருக்கும் வீடுகளையும் மற்ற நாய்கள் இருக்கும் வீடுகளையும் ஒப்பிட்டு 2011-ல் முடிவு வெளியிட்டார்கள். தூசியில் இருந்த நாய் ஒவ்வாமைப் பொருளின் அளவில் வித்தியாசம் இல்லை.

ஏன் இல்லை என்பதில்தான் முக்கியமான விஷயம் இருக்கிறது. மூக்கை அரிக்க வைப்பது முடி அல்ல. பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் உண்டாகும் ஒரு புரதம் (ஃபெல் டி 1 என்று பெயர்), அது ஒட்டியிருக்கும் நுண்ணிய தோல் செதில். நம் தலையில் பொடுகு உதிர்கிற மாதிரி அதற்கு உடம்பு முழுக்க உதிரும். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். இந்தச் செதில் துகள்களில் ஒரு பகுதி 5 மைக்ரானுக்கும் கீழே. ஏசி வலையின் துளையோ வெறும் கண்ணுக்கே தெரியும். கோலி குண்டு உருட்டி விளையாடும் பையனுக்கு ஃபுட்பால் கோல் போஸ்ட் வைத்த கதைதான். வலை முடியைப் பிடிக்கும், ஏசியைக் காப்பாற்றும். செதிலைப் பிடிக்காது.

இங்கே எதிர்த்தரப்பின் நியாயமான கேள்வி ஒன்று இருக்கிறது. "ஏசியை விடு தம்பி, என் பிள்ளைக்கு வீசிங் வருதே, அதுக்கு என்ன சொல்ற?"

அதற்கு வலை கழுவுவது பதில் இல்லை. நேராக டாக்டரிடம் போங்கள். ஒவ்வாமைப் பரிசோதனை செய்து, காரணம் உண்மையிலேயே பூனைதானா, இல்லை தூசிப்பூச்சியா, பூஞ்சையா, கொசுவத்திப் புகையா என்று தெரிந்துகொள்ளுங்கள். பூனைதான் என்று உறுதியாகி, டாக்டரும் சொன்னால், அதற்கு ஒரு நல்ல வீடு தேடிக் கொடுப்பதில் எந்தத் தப்பும் கிடையாது. குழந்தையின் மூச்சுதான் முதலில். ஆனால் பரிசோதனையே செய்யாமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கோணிப்பையில் கட்டிக்கொண்டு போகிறார்களே, அவர்களுக்கு இரண்டு தகவல். ஒன்று, பூனை போன பிறகும் அந்தப் புரதம் வீட்டை விட்டுப் போகாது. பூனை இல்லாத வீட்டு அளவுக்குத் தூசியில் அது குறைய 20 முதல் 24 வாரம் வரை ஆகலாம் என்று 1989-லேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். மெத்தை, சோபா, திரைச்சீலை, அந்தக் கழுவாத ஏசி எல்லாவற்றிலும் அது உட்கார்ந்திருக்கும். இரண்டு, பட்டினியால் வாடும்படி ஒரு பிராணியைத் தக்க காரணமில்லாமல் கைவிடுவது 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ம் பிரிவின்படி குற்றம்.

உறுத்தல் லேசானது, பூனையும் வேண்டும் என்கிறவர்கள் செய்யக்கூடியவை இவை. படுக்கையறையை அதற்கு மூடிவிடுங்கள். மெத்தை விரிப்பை வாரம் ஒருமுறை துவைத்துப் போடுங்கள். நாயைத் தினமும் மொட்டை மாடியில் வைத்துச் சீவி விடுங்கள். சீப்பில் வருகிற முடி ஏசிக்கு வராத முடி. காலையில் ஏசியை நிறுத்தியதும் ஜன்னலைத் திறந்து விடுங்கள். செதிலைப் பிடிக்கத்தான் வேண்டும் என்றால் ஹெப்பா ஃபில்டர் உள்ள தனி சுத்திகரிப்பான் வேண்டும். அது 0.3 மைக்ரான் துகளிலேயே 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் தரம். அதே மாதிரி அடர்த்தியான தாளை வாங்கி ஏசி வலை மேல் ஒட்டிவிடாதீர்கள். அந்தக் குட்டி ப்ளோயர் அதை மீறி இழுக்கிற அளவுக்குச் செய்யப்பட்டதல்ல. மறுபடி காற்று குறையும், மறுபடி ஐஸ், மறுபடி "காஸ் கொறஞ்சிருச்சு சார்".

பிராணி வளர்க்கும் நம்ம கோஷ்டிக்கும் கொஞ்சம் திட்டு பாக்கி இருக்கிறது. சைபீரியப் பனியில் ஓடுவதற்கு இரட்டைக் கம்பளி போர்த்திப் பிறந்த ஹஸ்கியைச் சென்னைக்குக் கொண்டு வந்து, நாள் முழுக்க ஏசி அறையில் பூட்டிவைத்து, ஃபோட்டோ எடுத்து லைக் வாங்கிவிட்டு, "ரொம்ப முடி கொட்டுதுப்பா" என்று அலுத்துக்கொள்கிறீர்களே, அது கொட்டாமல் வேறென்ன செய்யும்? இன்னொன்று. "நான் நாய் வளர்க்கிறேன்" என்று சொல்லும் எத்தனை பேர் வீட்டில் அந்த முடியைக் கூட்டுவது அம்மா? சோபாவைத் தட்டுவது அம்மா? ரிமோட் மட்டும் நம் கையில். வளர்ப்பது என்றால் அந்த வலையைக் கழுவுவதும் சேர்த்துத்தான்.

எனவே என் தீர்ப்பு எளிமையானது. ஏசி கெட்டால் முதலில் மூடியைத் திறங்கள். வலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் தெரியவில்லை என்றால் உங்கள் வீட்டில் குற்றவாளி நாலு காலில் நடப்பதில்லை. மூன்று முறை ஒழுங்காகக் கழுவிய பிறகும் ஏசி மக்கர் செய்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அப்போதும் பூனையைக் கூப்பிட வேண்டிய அவசியமில்லை.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு ஆட்டோ அனுப்ப நினைக்கும் ஓனர்கள், மெக்கானிக்குகள், ஹஸ்கி ரசிகர்கள் கவனத்துக்கு: வரும்போது கையோடு உங்கள் வீட்டு ஏசி வலையையும் கொண்டு வரவும். கழுவித் தருகிறேன் :-)