எல்லோருக்கும் திறந்த கதவு, யாருடைய செலவில்?

பல்கலைக்கழகமொன்றின் நூலகத்துக்கான நிதி வெட்டப்படுகிறது. நூலகர் எந்தக் கொடுப்பனவை முதலில் நிறுத்துவார்? பணம் செலுத்தாவிட்டாலும் தொடர்ந்து கிடைக்கக்கூடியதற்கான கொடுப்பனவையே நிறுத்துவார். அவரது கணக்கில் பிழையில்லை. ஆனால், எல்லா நூலகர்களும் அதே கணக்கைப் போட்டால் எவருக்கும் எதுவும் மிஞ்சாது. எவரும் கட்டணமின்றி வாசிக்கக்கூடிய திறந்த அணுக்க ஆய்விதழ்களின் அடிப்படைச் சிக்கல் இதுதான்.

வாசிப்பது இலவசமானாலும் வெளியிடுவது இலவசமல்ல. அந்தச் செலவை எழுதுபவரிடமே அறவிடுவது ஒரு வழி. 'நேச்சர்' சஞ்சிகை 2020இல் இதற்கென அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. வாசகருக்குத் திறந்த கதவு, அத்தகைய கட்டணத்தைச் செலுத்த இயலாத ஆய்வாளருக்கு மூடிக்கொள்கிறது.

நன்கொடை இன்னொரு வழி. 1991இல் தொடங்கப்பட்ட 'ஆர்கைவ்' களஞ்சியத்தில் இயற்பியலாளர்களும் கணிதவியலாளர்களும் தமது கட்டுரைகளை இலவசமாகப் பகிர்கின்றனர். அதன் செலவைச் சுமந்துவந்த கோர்னெல் பல்கலைக்கழகம், 2010இல் அதனை அதிகம் பயன்படுத்தும் 200 நிறுவனங்களிடம் பங்களிப்புக் கோரியது. உலகமே பயன்படுத்துவதை ஒரு நூலகம் மட்டும் எவ்வளவு காலம் தாங்கும்?

மூன்றாவது வழியை இலாப நோக்கற்ற 'ஆனுவல் ரிவியூஸ்' பதிப்பகம் 2020இல் பரீட்சித்தது. இருக்கின்ற சந்தாதாரர்கள் போதியளவு புதுப்பித்தால் அந்த ஆண்டின் இதழ் உலகுக்கே திறக்கப்படும். இல்லையேல் சந்தாதாரருக்கு மட்டும். 2023இல் அதன் 51 சஞ்சிகைகளும் இவ்வாறு திறக்கப்பட்டன. விலகினால் தானும் இழக்க நேரலாம் என்பதால் நூலகர் விலகத் தயங்குகிறார்.

இந்த ஏற்பாடு கெட்டித்தனமானது. ஆனால், கதவை மீண்டும் மூட முடியும் என்பதே அதன் பலம். மூடினால், சந்தா செலுத்திய நூலகத்துக்கு இழப்பில்லை. சந்தா செலுத்த ஒருபோதும் வசதியில்லாத நாட்டின் மாணவரே வெளியே நிற்பார். அந்த முடிவில் அவருக்கு வாக்கும் இல்லை.

எனவே, பங்களிக்காமல் பயன்பெறுவோர் யாரென்பதைப் பிரித்துப் பார்க்கவேண்டும். இயலாமையால் செலுத்தாதவருக்காகவே திறந்த அணுக்கம் உருவானது; அவரைக் குறைகூற இடமில்லை. வசதியிருந்தும் பக்கத்துப் பல்கலைக்கழகம் செலுத்தட்டும் எனக் காத்திருக்கும் நிறுவனமே சிக்கலின் வேர். கிணற்றில் தண்ணீர் அள்ளுபவர் எல்லோரும் இறைத்துத் துப்புரவாக்க வரவேண்டியதில்லை. ஆனால், வரக்கூடியவர்களும் வராவிட்டால் கிணறு தூர்ந்துபோகும்.